சைலன்ட் இன்ஸ்டால் பாதியில் தொங்குகிறது, திரையில் ஒன்றுமே தெரியவில்லை

பொம்மனஹள்ளி பாண்டி · திங்கள், காலை 9:40

வணக்கம் மக்களே. பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம்ஸ் பார்க்கிறேன். பொம்மனஹள்ளியில் ஒரு யூனிட், பொம்மசந்திராவில் ஒரு யூனிட், இரண்டிலும் சேர்த்து 160 சொச்சம் விண்டோஸ் கணினிகள். எல்லாம் டொமைனில் இருப்பவை. பார்கோடு லேபிள் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன், அதோடு வரும் பிரின்டர் டிரைவர், விஷுவல் சி++ ரன்டைம், 7-ஜிப், ஒரு பிடிஎஃப் ரீடர் என்று ஐந்தையும் எல்லாவற்றிலும் போட வேண்டும். பென் டிரைவோடு மாடி மாடியாக ஏறி "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" அமுக்க இந்த முழங்கால் ஒத்துழைக்காது.

பவர்ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதினேன். என் மேசைக் கணினியில் அருமையாக ஓடுகிறது. அதையே ஷெட்யூல்டு டாஸ்க்காக, விண்டோஸின் சொந்த உள் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓட விட்டால், லேபிள் சாஃப்ட்வேர் வந்ததும் நின்று விடுகிறது. டாஸ்க் மேனேஜரில் செட்டப் ப்ராசஸ் இருக்கிறது, சிபியு 0, விடிய விடிய அதே கோலம். திரையில் எந்த விண்டோவும் இல்லை. எதுவும் கேட்காமல் இன்ஸ்டால் செய் (சைலன்ட்) என்று சொல்லக் கொடுத்திருக்கும் சுவிட்ச் /எஸ்.

வெண்டரிடம் கேட்டால் "சைலன்ட் இன்ஸ்டாலுக்கு சப்போர்ட் கிடையாது சார், இன்ஜினியரை அனுப்பவா" என்கிறார்கள். கூடவே ரேட் கார்டும் வந்துவிட்டது. பேசாமல் ஆட்டோஹாட்கீ வைத்து பட்டனை அமுக்க வைத்துவிடலாமா?

ஒயிட்ஃபீல்ட் வெங்கட் · திங்கள், காலை 10:05

இந்தக் காலத்தில் யார் ப்ரோ செட்டப் ஃபைலைக் கையில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? ஒரே கமாண்டில் சாஃப்ட்வேரை இறக்கிப் போடும் மைக்ரோசாஃப்டின் விங்கெட் 1.0, 2021லேயே வந்துவிட்டது. விங்கெட் இன்ஸ்டால், பேக்கேஜ் ஐடி, ஐடி அச்சு அசலாகப் பொருந்த -ஈ, அப்புறம் --சைலன்ட். உரிம ஒப்பந்தங்களை ஏற்க --அக்செப்ட்-பேக்கேஜ்-அக்ரிமென்ட்ஸ், --அக்செப்ட்-சோர்ஸ்-அக்ரிமென்ட்ஸ் இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டை விட்டால் அதுவும் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும். முடிந்தது வேலை.

அல்சூர் அந்தோணி · திங்கள், காலை 10:50

வெங்கட் தம்பி, 7-ஜிப்புக்கும் பிடிஎஃப் ரீடருக்கும் நீங்கள் சொல்வது சரி. பார்கோடு வெண்டரின் செட்டப் விங்கெட்டில் எங்கே இருக்கும்? இன்னொன்று, விங்கெட் என்ற கமாண்ட் லாகின் செய்த பயனருக்குத்தான் அப்படியே கிடைக்கும். சிஸ்டம் கணக்கில் அந்தப் பெயர் பாத்தில் (கமாண்டைத் தேடும் ஃபோல்டர் பட்டியலில்) இருக்காது. விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் போய் முழுப் பாதையைக் கண்டுபிடித்துக் கூப்பிட வேண்டும். 160 கணினியும் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்கினால் யூனிட்டின் லைன் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். விங்கெட் போன்ற இன்னொரு கருவியான சாக்லேட்டியின் பொதுக் களஞ்சியம் ஒரே முகவரியிலிருந்து அதிகம் இறக்கினால் கட்டுப்படுத்தும். நிறுவனங்கள் தங்கள் பேக்கேஜ்களை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

பாண்டி, உங்கள் செட்டப் தொங்கவில்லை. அது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சர்வீஸ்களும் சிஸ்டம் கணக்கில் ஓடும் டாஸ்க்குகளும் செஷன் 0 என்ற தனி இடத்தில் ஓடுகின்றன. பயனர் பார்க்கும் திரை செஷன் 1 அல்லது அதற்கு மேல். செஷன் 0வில் ஒரு மெசேஜ் பாக்ஸ் திறந்தால் அதை எந்த மனிதனும் பார்க்க முடியாது, ஓகே அமுக்கவும் முடியாது. முன்பெல்லாம் அங்கே எட்டிப் பார்க்க ஒரு சர்வீஸ் இருந்தது. விண்டோஸ் 10ன் 1803 பதிப்போடு அதையும் எடுத்துவிட்டார்கள்.

அதனால்தான் உங்கள் மேசையில் ஓடுவதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. எந்தக் கணக்கில் ஓடப்போகிறதோ அதே கணக்கில் சோதிக்க வேண்டும். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்ஸெக் கருவியை எடுத்து, -எஸ் -ஐ இரண்டையும் கொடுத்து ஒரு சிஎம்டி திறங்கள். -எஸ் சிஸ்டம் கணக்குக்கு, -ஐ அதை உங்கள் திரையில் காட்ட. அந்தக் கறுப்பு விண்டோவில் செட்டப்பை /எஸ் கொடுத்து ஓட்டுங்கள். என்ன கேட்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

பொம்மனஹள்ளி பாண்டி · திங்கள், மதியம் 12:30

அந்தோணி சார், பார்த்துவிட்டேன்! ஒரு சின்னப் பெட்டி வருகிறது. "பிரின்டரை யுஎஸ்பியில் செருகிவிட்டு ஓகே அமுக்கவும்." இது சைலன்ட் மோடில்! என் மேசையில் ஏன் வரவில்லை என்றால், அங்கே ஒரு டெஸ்ட் பிரின்டர் எப்போதும் செருகியே இருக்கிறது.

கோமதி சிஸ்அட்மின் · திங்கள், மதியம் 1:15

பெரிய எஸ்ஸுக்குக் கட்டுப்படுகிறது, அதையும் மீறி ஒரு பெட்டி வருகிறது என்றால் பெரும்பாலும் அது என்எஸ்ஐஎஸ் என்ற செட்டப் தயாரிக்கும் கருவி கொண்டு கட்டியது. அதில் மெசேஜ் பாக்ஸ் எழுதும்போது, சைலன்ட் மோடில் எந்த விடை என்று /எஸ்டி சேர்த்து எழுதினால்தான் பெட்டி வராது. எழுதியவர் அதை விட்டுவிட்டால் /எஸ் கொடுத்தாலும் பெட்டி வரும். வெளியிலிருந்து எந்த சுவிட்சாலும் அதை அடக்க முடியாது. வெண்டர் ஒரு வரி திருத்தினால் போதும், ஆனால் ரேட் கார்டு அனுப்புகிறவர்கள் திருத்துவார்களா என்று தெரியவில்லை.

சுற்றிப் போக வழி இருக்கிறது. அந்த எக்ஸியை 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். என்எஸ்ஐஎஸ் என்றால் திறக்கும். உள்ளே எம்எஸ்ஐ ஃபைலோ (விண்டோஸ் இன்ஸ்டாலரின் பேக்கேஜ்), ஐஎன்எஃப் (டிரைவரின் விவர ஃபைல்) உள்ள டிரைவர் ஃபோல்டரோ இருக்கிறதா? பல வெண்டர் செட்டப்கள் வெறும் உறைதான், நிஜ வேலையை உள்ளே இருக்கும் எம்எஸ்ஐதான் செய்யும்.

பொதுவாக எல்லோருக்கும்: முதலில் செட்டப் எதில் கட்டப்பட்டது என்று பாருங்கள், சுவிட்ச் அப்புறம். இன்னோ செட்டப் என்ற கருவியில் கட்டியது என்றால் /வெரிசைலன்ட், /சப்ரஸ்எம்எஸ்ஜிபாக்ஸஸ், /நோரீஸ்டார்ட் மூன்றும் சேர்ந்து வர வேண்டும். முதலாவது மட்டும் போதாது, ரீபூட் தேவை என்றால் கேட்காமலே ரீபூட் செய்துவிடும். இன்னோவில் இன்னொரு நல்ல விஷயம், ஒரு கணினியில் கையால் தேர்ந்தெடுத்ததை /சேவ்இன்ஃப் கொடுத்து ஃபைலில் சேமித்து, மற்றவற்றில் /லோட்இன்ஃப் மூலம் ஊட்டலாம்.

பழைய இன்ஸ்டால்ஷீல்டு என்றால் /ஆர் கொடுத்து ஒருமுறை நாமே கிளிக் செய்து காட்ட வேண்டும். விண்டோஸ் ஃபோல்டரில் செட்டப்.ஐஎஸ்எஸ் என்று பதிவாகும். பிறகு /எஸ் கொடுத்தால் அதையே திரும்ப ஓட்டும். இதில் வலி என்னவென்றால் காலிக் கணினியில் பதிந்ததை, பழைய வெர்ஷன் இருக்கும் கணினியில் ஓட்டினால் டயலாக் வரிசை மாறிவிடும். செட்டப்.லாக் ஃபைலில் ரிசல்ட்கோட் -12 என்று கிடக்கும். தடுக்கி விழுவதற்கென்றே செய்து வைத்த ஏற்பாடு அது.

ஆட்டோஹாட்கீ வேண்டாம். செஷன் 0வில் அதற்கும் கண் கிடையாது.

மடிவாளா மணி · திங்கள், மதியம் 2:40

கோமதி மேடம் சொல்வது சரிதான், ஆனால் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் ஆபீஸில் ஒரு பழைய அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேருக்கு வேறு வழியே இல்லை. லாகின் செய்த பயனரின் செஷனில், உயர்ந்த உரிமையோடு ஓடும் டாஸ்க்காக வைத்து, பட்டன் அமுக்கும் ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுகிறோம். அழகில்லை, வேலை நடக்கிறது. பயனர் நடுவில் மவுஸைத் தொடாமல் இருந்தால்.

டெர்மினல் தங்கம் · திங்கள், மாலை 4:20

இந்த இழையைப் படிக்கும்போதுதான் உபுண்டு லினக்ஸில் எவ்வளவு நிம்மதி என்று புரிகிறது. ஆப்ட்-கெட் இன்ஸ்டால் -ஒய், அவ்வளவுதான்.

அல்சூர் அந்தோணி · திங்கள், மாலை 4:45

அவ்வளவுதானா? மைக்ரோசாஃப்ட் ஃபான்ட் பேக்கேஜை -ஒய் மட்டும் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். நீலத் திரையில் உரிமத்தை ஏற்கிறாயா என்று நிற்கும்.

டெர்மினல் தங்கம் · திங்கள், மாலை 5:30

சரி சார், ஒப்புக்கொள்கிறேன், அங்கேயும் கேள்விகள் உண்டு. -ஒய் என்பது ஆப்ட் கேட்கும் "தொடரட்டுமா" என்ற கேள்விக்கு மட்டும்தான் விடை. பேக்கேஜ் தானே கேட்கும் கேள்விகள் டெப்கான்ஃப் என்ற தனி அமைப்பு வழியாக வருகின்றன. அதற்கு டெபியன்_ஃப்ரன்ட்எண்ட் என்ற மாறியை நான்இன்டராக்டிவ் என்று வைக்க வேண்டும். அட்மின் உரிமை தரும் சுடோ கமாண்டுக்கு முன்னால் வைத்தால் சுடோ அதைத் தூக்கி எறிந்துவிடும், சுடோவுக்குப் பின்னால் எழுத வேண்டும். இயல்பான விடை போதாது, குறிப்பிட்ட விடைதான் வேண்டும் என்றால், டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் மூலம் முன்கூட்டியே பதிந்துவிடலாம். அந்த ஃபான்ட் உரிமத்துக்கு அதுதான் வழி.

மூன்றாவது கேள்வி, பேக்கேஜை நிஜமாகப் போடும் டிபிகேஜியிடமிருந்து வரும். நீங்கள் கைவைத்த கான்ஃபிக் ஃபைலுக்குப் புது பதிப்பு வந்தால், பழையதா புதியதா என்று கேட்கும். --ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப், --ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்டு இரண்டையும் கொடுத்தால் பழையதை வைத்துக்கொண்டு நகரும். உபுண்டு 22.04ல் நாலாவதாக நீட்ரீஸ்டார்ட் வந்து எந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய என்று கேட்கும். நீட்ரீஸ்டார்ட்_மோட் மாறியில் ஏ என்று வைத்தால் தானே செய்துகொள்ளும். புதிதாக எழுப்பிய சர்வரில் தானாக அப்டேட் செய்யும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பின்னணியில் டிபிகேஜியின் பூட்டைப் பிடித்துக்கொண்டு நம் ஸ்கிரிப்டை விழச் செய்வதும் உண்டு. டிபிகேஜி::லாக்::டைம்அவுட் என்ற ஆப்ஷனில் சில நூறு வினாடி கொடுத்தால் காத்திருக்கும்.

என் வாயாலேயே நாலு கேள்வியை எண்ணிவிட்டேன். நான் கிளம்புகிறேன்.

பொம்மனஹள்ளி பாண்டி · செவ்வாய், காலை 11:10

7-ஜிப்பில் திறந்தேன். உள்ளே எம்எஸ்ஐ ஒன்று, டிரைவர் ஃபோல்டர் ஒன்று, டிரைவரின் கையெழுத்து இருக்கும் கேட் ஃபைல், ஐஎன்எஃப் எல்லாம் இருக்கிறது. கோமதி மேடம், உங்களுக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்.

எம்எஸ்ஐஎக்ஸெக் /ஐ, ஃபைல் பெயர், /க்யூஎன், /நோரீஸ்டார்ட் கொடுத்தேன், லேபிள் சாஃப்ட்வேர் போய் உட்கார்ந்தது. டிரைவருக்கு, அதைச் சேர்க்கும் விண்டோஸ் கமாண்டான பிஎன்பியூடில் /ஆட்-டிரைவர் கொடுத்தால், "இந்த நிறுவனத்தை நம்புகிறீர்களா" என்று இன்னொரு பெட்டி. அப்புறம் இன்னொரு சிக்கல்: விஷுவல் சி++ ரன்டைம் பாதிக் கணினிகளில் தோல்வி என்று என் ஸ்கிரிப்ட் சொல்கிறது, போய்ப் பார்த்தால் ரன்டைம் இருக்கிறது.

கோமதி சிஸ்அட்மின் · செவ்வாய், மதியம் 12:20

டிரைவர் பெட்டிக்கு: கேட் ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் தாவலுக்குப் போய், கையெழுத்திட்ட சான்றிதழை ஒரு ஃபைலாக வெளியே எடுங்கள். சர்ட்யூடில் என்ற சான்றிதழ் கமாண்டில் -ஆட்ஸ்டோர் ட்ரஸ்டட்பப்ளிஷர் என்று கொடுத்து அதைச் சேர்த்துவிட்டால், பிஎன்பியூடில் கேட்காது. உங்களிடம் டொமைன் இருப்பதால் குரூப் பாலிசி வழியாகவே தள்ளலாம். ஒரு எச்சரிக்கை, அந்தச் சான்றிதழில் கையெழுத்தான எந்த டிரைவரும் இனி கேள்வியில்லாமல் நுழையும். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவது என் பழக்கம்.

ரன்டைமுக்கு: எக்ஸிட் கோட் (முடியும்போது செட்டப் திருப்பித் தரும் எண்) 0 இல்லையென்றால் தோல்வி என்று எழுதியிருப்பீர்கள். பத்தில் ஒன்பது ஸ்கிரிப்டில் இதைத்தான் பார்க்கிறேன். 3010 என்றால் வெற்றி, ரீபூட் பாக்கி. 1641 என்றாலும் வெற்றி, செட்டப்பே ரீபூட்டைத் தொடங்கிவிட்டது. 1638 என்றால் வேறு பதிப்பு ஏற்கனவே இருக்கிறது. ரன்டைம் விஷயத்தில் அதைவிடப் புதியது ஏறியிருக்கிறது என்று அர்த்தம், கவலையே வேண்டாம். 1618 என்றால் அந்த நேரத்தில் வேறொரு எம்எஸ்ஐ ஓடுகிறது, விண்டோஸ் ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் அனுமதிக்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும், தோல்வி என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது.

1603 வந்தால் மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டும், அந்த எண் எதையும் சொல்லாது. அதனால் எப்போதும் /எல்*வி கொடுத்து லாக் எழுத வையுங்கள். ஆயிரக்கணக்கான வரி இருக்கும். மேலிருந்து படிக்காதீர்கள். "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடி, கிடைத்த முதல் இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே ஒரு வரியில் எழுதியிருக்கும்.

ஒயிட்ஃபீல்ட் வெங்கட் · செவ்வாய், மதியம் 1:00

ஸ்கிரிப்டில் எப்படிக் காத்திருக்கிறீர்கள் பாண்டி? ஸ்டார்ட்-ப்ராசஸ் -வெய்ட்டா?

பொம்மனஹள்ளி பாண்டி · செவ்வாய், மதியம் 1:10

ஆமாம். ஏன்?

ஒயிட்ஃபீல்ட் வெங்கட் · செவ்வாய், மதியம் 1:35

பவர்ஷெல் சாதாரணமாக விண்டோ உள்ள ப்ரோகிராமுக்குக் காத்திருக்காது, ஓட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் எல்லோரும் -வெய்ட் போடுகிறோம். ஆனால் அது செட்டப்புக்கு மட்டுமல்ல, செட்டப் பெற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துக் காத்திருக்கும். முடியும்போது திரையின் கீழ் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐகானைத் தொடங்கி வைக்கும் செட்டப் என்றால், அந்த ஐகான் மூடும் வரை ஸ்கிரிப்ட் அங்கேயே. -பாஸ்த்ரூ கொடுத்து ப்ராசஸை ஒரு மாறியில் பிடித்து, வெய்ட்ஃபார்எக்ஸிட்டில் 20 நிமிடம் என்று கெடு வைத்துக் காத்திருங்கள். மாறியைப் பிடித்த கையோடு அதன் ஹேண்டிலை ஒருமுறை தொட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸிட்கோட் காலியாக வரும். கெடு தாண்டினால் கொன்றுவிட்டு லாகில் எழுதிவிடலாம், விடிய விடிய யாரும் காத்திருக்க வேண்டாம்.

புதுப்பயல் கேஆர்புரம் · செவ்வாய், மாலை 6:30

அண்ணா, நடுவில் நுழைகிறேன். நான் ஒரு சாட் ஆப்பை இதே மாதிரி சிஸ்டம் கணக்கில் போட்டேன். எக்ஸிட் கோட் 0. ஆனால் யாருக்கும் ஐகானே வரவில்லை. எங்கே போனது?

அல்சூர் அந்தோணி · செவ்வாய், இரவு 8:00

தம்பி, அது ஒரு பயனருக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகும் வகை. ஓட்டிய பயனர் சிஸ்டம் என்பதால் அதன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கும். சிஸ்டம்32க்குள் கான்ஃபிக், அதற்குள் சிஸ்டம்ப்ரொஃபைல் ஃபோல்டரில் தேடிப் பாருங்கள், பத்திரமாக இருக்கும். எல்லாப் பயனருக்குமான எம்எஸ்ஐ கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லாகின் நேரத்தில் பயனர் கணக்கிலேயே ஓட்ட வேண்டும்.

பொம்மனஹள்ளி பாண்டி · புதன், காலை 10:15

நேற்று இரவு இரண்டு யூனிட்டுக்கும் விட்டேன். இரண்டு பிரச்சினை.

ஒன்று, மூன்றாவது மாடி முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. விசாரித்தால் கடைசி ஷிஃப்ட் போனதும் செக்யூரிட்டி அண்ணா மாடியின் மெயினையே அணைத்துவிடுகிறார். கேட்டதற்கு "எல்லா ஆஃப் மாடிதெ சார்" (எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்) என்று கன்னடத்தில் பெருமையாகச் சொன்னார். எம்.டி. கரண்ட் பில்லைக் காட்டி அவரைப் பாராட்டியிருக்கிறார், நான் என்ன சொல்ல?

இரண்டு, பொம்மசந்திரா கணினிகள் சர்வர் ஷேரில் உள்ள ஃபைலைப் படிக்க முடியவில்லை என்கின்றன. என் கணக்கில் திறந்தால் திறக்கிறது.

அல்சூர் அந்தோணி · புதன், காலை 11:00

மெயினே இல்லாதபோது நெட்வொர்க்கில் எழுப்பும் வசதியும் பயன்படாது. நேரம் குறித்து ஓட்டுவதை விட்டுவிட்டு, கணினி தொடங்கும்போது ஓடும் டாஸ்க்காக மாற்றுங்கள். காலையில் மெயினைப் போட்டதும் தானே ஓடும். அதில் "கரண்ட்டில் இருந்தால் மட்டும் தொடங்கு" என்ற டிக் இயல்பாகவே இருக்கும், எடுத்துவிடுங்கள். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் இணைத்திருந்தால் விண்டோஸ் அதை பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். பெஸ்காம் கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும் நேரமாக இருந்தால் டாஸ்க் தொடங்காது.

ஷேருக்கு: சிஸ்டம் கணக்கு நெட்வொர்க்கில் வெளியே போகும்போது கணினியின் பெயரில்தான் போகும். ஷேரிலும் ஃபோல்டரிலும் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் உரிமை இருக்கிறதா பாருங்கள். எழுதும் உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த செட்டப்பை யாராவது மாற்றி வைத்தால் 160 கணினியிலும் முழு உரிமையோடு ஓடும். இசட் டிரைவ் என்றெல்லாம் ஸ்கிரிப்டில் எழுதக் கூடாது, அது பயனரின் லாகினோடு வருவது. சர்வர் பெயரோடு முழுப் பாதை எழுதுங்கள்.

கோமதி சிஸ்அட்மின் · புதன், காலை 11:25

தினமும் காலையில் ஓடப்போகிறது என்றால், ஏற்கனவே இருந்தால் தொடாமல் வெளியே வரும்படி முதல் வரியிலேயே பார்த்துவிடுங்கள். அதற்கு, இன்ஸ்டால் ஆனவற்றைப் பட்டியலிடும் வின்32_ப்ராடக்ட்டைக் கேட்காதீர்கள். அது பட்டியல் கொடுப்பதற்குள் ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் சரிபார்க்க ஆரம்பித்துவிடும், ஈவன்ட் லாகில் 1035 என்ற எண்ணுள்ள பதிவுகள் வரிசை கட்டும். காலை ஷிஃப்டில் கணினி ஏன் ஊர்கிறது என்று உங்களிடம்தான் வருவார்கள். ரெஜிஸ்ட்ரியில் அன்இன்ஸ்டால் கீயில் டிஸ்ப்ளேவெர்ஷனைப் படித்தால் போதும். 32 பிட் சாஃப்ட்வேர் வாவ்6432நோட் கீழே இருக்கும், இரண்டு இடத்திலும் பாருங்கள்.

பொம்மனஹள்ளி பாண்டி · வெள்ளி, மாலை 5:50

ஓடிவிட்டது. இரண்டு யூனிட்டும். மூன்றாவது மாடி காலை 8 மணிக்கு மெயின் போட்டதும் தானாக முடிந்திருக்கிறது. சிலவற்றில் மட்டும் 1603, "ரிட்டர்ன் வேல்யூ 3"க்கு மேலே பார்த்தால் டிஸ்க்கில் இடம் இல்லை. அந்தக் கணினிகளில் யார் என்ன படம் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கடைசியாக ஒன்று. பழைய வெர்ஷன் லேபிள் சாஃப்ட்வேரை நீக்க வேண்டும். அதன் அன்இன்ஸ்டாலரை /எஸ் கொடுத்து ஓட்டினால் உடனே 0 என்று திரும்பி வருகிறது. ஃபோல்டர் இன்னும் அங்கேயே இருக்கிறது, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் காணோம்.

கோமதி சிஸ்அட்மின் · வெள்ளி, மாலை 6:40

என்எஸ்ஐஎஸ் அன்இன்ஸ்டாலர் தன்னையே அழிக்க வேண்டும் என்பதால், டெம்ப் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து அதை ஓட விட்டு, தான் உடனே வெளியே வந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது அந்த முதல் ஆளின் 0. கடைசியில் _?= போட்டு, இன்ஸ்டால் ஆன ஃபோல்டரின் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் கொடுங்கள். நடுவில் ஸ்பேஸ் இருந்தாலும் குறி கூடாது, அதற்குப் பிறகு வேறு எதுவும் வரக் கூடாது. நகல் எடுக்காமல் அங்கேயே ஓடி முடித்துவிட்டு நிஜமான எண்ணோடு வரும். தன்னை மட்டும் அழிக்காது, அந்த ஃபைலையும் ஃபோல்டரையும் அடுத்த வரியில் நீங்களே நீக்கிவிடுங்கள்.

பொம்மனஹள்ளி பாண்டி · வெள்ளி, மாலை 7:05

சரி மேடம், திங்கள் காலை டாஸ்க்கில் சேர்த்துவிடுகிறேன். வெண்டர் மறுபடி கூப்பிட்டார், இன்ஜினியர் தேதி கேட்டார். வேண்டாம் என்றதும், எப்படிச் செய்தீர்கள், ஸ்கிரிப்டை அனுப்ப முடியுமா என்கிறார். நானும் ஒரு ரேட் கார்டு தயார் செய்துகொண்டிருக்கிறேன்.